பம்படிப் பைப்பும் சுதாஜினியின் பெயரும்

ஸ்கந்தபுரத்தில் ஒருத்தி உங்கள் வீட்டு வாசலில் நின்று, கேற்றை விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, பிணைச்சலைக் குனிந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் "ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்டால், அது சுதாஜினி. கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் அவளுக்கு இந்த முறை மாறாது. மற்றப் பெண்கள் வாசலிலேயே குரல் வைத்து அழத் தொடங்குவார்கள். இவள் கேற்று ஒழுங்காய்ப் பூட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே அழப் போவாள்.

என் மூத்தவள் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்திய வீட்டுக்கு வந்தவள், பன்னீர்ச் செம்போடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்ற என்னை விட்டுவிட்டு, பந்தலின் இரும்புக் காலை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, இந்தக் கால் கொஞ்சம் சரிவு" என்றாள். அன்று முழுக்க அவள் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வசனம்தான். பந்தல் விழவில்லை. ஆனால் நான் வந்த சனத்தைப் பார்க்காமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு பலகாரம் பரிமாறினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நான் கமலாசனி. பம்படிச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் என் கடை வாங்கிலில் இருந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். ஆகையால் நான் அதைப் பெரிதாய் எடுப்பதில்லை.

சுதாஜினி ஒட்டுவேலை செய்கிறவள். வெல்டிங் என்றால் எல்லாருக்கும் விளங்கும். சண்டை முடிந்து, முகாமில் கிடந்து, நாங்கள் ஊர் திரும்பிய காலத்தில் ஒரு நிறுவனம் பெண்களுக்குத் தையல் வகுப்பு வைத்தது. இவள் பெயர் கொடுக்கப் போனபோது இடம் முடிந்துவிட்டது. பக்கத்து மேசையில் ஒட்டுவேலை வகுப்புக்குப் பெயர் எழுத இருந்தவன் ஆளில்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். இவள் அந்த மேசைக்குப் போனாள். "அடியே, அது ஆம்பிளையளின்ர மேசை!" என்று தாய் பின்னாலிருந்து கத்தியது எனக்கே கேட்டது. இவளுக்குக் கேட்கவில்லையாம்.

அந்த நேரம் ஊரெல்லாம் வீட்டுத்திட்ட வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எல்லா வீட்டுக்கும் ஜன்னல் கம்பி வேண்டும், கேற்று வேண்டும். முதலில் சனம் சிரித்தது. பிறகு அவள் போட்ட கேற்றில் பிள்ளைகள் ஏறி ஊஞ்சலாடியும் அது கழன்று விழவில்லை என்று கண்டதும் சிரிப்பை விட்டுவிட்டு வரிசையில் வந்தது. அவளுக்குக் கலியாணம் பேச வேண்டிய வயதில் நாங்கள் எல்லாரும் பதுங்கு குழிக்குள் இருந்தோம். வெளியே வந்தபோது, "இனி அவளை ஆர் கட்டுறது, கை முழுக்க நெருப்புக் காயம்" என்று கதைத்தார்கள். இப்போது அவளுக்கு நாற்பதுக்குக் கிட்ட வந்துவிட்டது. அவள் ஒன்றுக்கும் கவலைப்பட்டதாய்க் காட்டிக்கொண்டதில்லை. காட்டிக்கொள்ள வாய் திறக்க வேண்டுமே!

இனிப் பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கடைக்கு நேர் எதிரே, றோட்டுக் கரையில், பழைய காலத்துப் பெற்றோல் பம் ஒன்று நிற்கிறது. கையால் பிடித்து ஆட்டி ஆட்டி இறைக்கிற பம். இரும்பு உடம்பு, ஆளை விட உயரம், அதற்கு மேலே இரண்டு கண்ணாடி உருளை இருந்த இடம். கண்ணாடி எந்தச் செல்லடியில் போனதென்று ஒருவருக்கும் தெரியாது. ஊரே இடம்பெயர்ந்து ஓடியபோதும் பம் ஓடவில்லை. பழைய இரும்பு பொறுக்க வந்தவர்கள் அசைத்துப் பார்த்துவிட்டு, முதுகு பிடித்துக்கொண்டதால் விட்டுவிட்டுப் போனார்கள். பஸ் கொண்டக்டர்மார் இந்த இடத்துக்கு "பம்படி, பம்படி இறக்கம்!" என்றுதான் கத்துவார்கள்.

அந்தப் பம் றோட்டுப் பக்கம் சரிந்து நிற்கிறது. பின்பக்கத்தில் மூன்று முட்டுப் பைப் கொடுத்து யாரோ ஒரு காலத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பைப்புகளில் துருக் கறள் ஏறி, கடைசியில் கையால் பிடித்தாலே பொருக்குப் பொருக்காய் உதிரத் தொடங்கியது. அதன் நிழலில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். விழுந்தால் என்ன கதி?

பம் நிற்கிற காணி தயாபரனுடையது. மாமன் வழியில் வந்த காணி. ஆள் கொக்கிளாய்ப் பக்கம், கடற்கரையில் வளர்ந்தவன். இங்கே வந்து பம்முக்குப் பின்னால் ஒரு கருவாட்டுக் கடை போட்டிருக்கிறான். நல்ல பெடியன். பெடியன் என்கிறேன், நாற்பத்திரண்டு வயது. கட்டாக் கருவாடு எது, திருக்கை எது, எதைக் குழம்பு வைப்பது, எதைப் பொரிப்பது என்று கேட்டால் வாய் மூடாமல் சொல்லுவான். கருவாட்டைத் தவிர வேறெதையும் ஒரு பெண்ணோடு கதைக்கச் சொன்னால், உமிழ்நீர் விழுங்கிக்கொண்டு தராசுத் தட்டைத் துடைப்பான். பெண் கொடுக்க வந்தவர்களும் கருவாட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆக, பேசாத ஒருத்தி. பேசத் தெரியாத ஒருத்தன். நடுவில் சரிந்த பம் ஒன்று. நான் எதிர்க் கடையில்.

முதல் தடவை அவன்தான் போய் அவளைக் கூப்பிட்டான். அவள் லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு மெசினின் பெட்டியில் வெல்டிங் மெசினை ஏற்றிக்கொண்டு வந்தாள். கரண்ட் எங்கேயிருந்து? என் கடையிலிருந்து. அவள் வெல்டிங் கம்பியை இரும்பில் வைக்கிற ஒவ்வொரு தடவையும் என் பிறிட்ஜ் முனகியது, லைற் மங்கியது. பம் சாயாமல் இருக்கப் பாலைக்கட்டை இரண்டு முட்டுக் கொடுத்தாள். பழைய பைப்பை வெட்டி எடுத்தாள். ஒட்ட வேண்டிய இடத்தைக் கறள் போகச் சுரண்டி, இரும்பு வெள்ளையாய்ப் பளபளக்கும் வரைக்கும் தேய்த்தாள். அதற்கே அரை நாள் போனது.

"பைப் எத்தினை அடி வேணும், தெரியுமோ அண்ணை?" என்று அவள் கேட்டாள்.

எங்கள் ஊரில் அறியாத ஆம்பிளை யாராயிருந்தாலும் அண்ணைதான். பஸ் ஓடுகிறவரும் அண்ணை, மரக்கறி விற்கிறவரும் அண்ணை. ஆனால் அந்த 'அண்ணை' விழுந்ததும் தயாபரனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கருவாட்டை மழையில் நனையவிட்டவன்கூட அப்படி நிற்கமாட்டான்.

அதோடு விட்டானா? அவள் கண்ணாடி முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒட்டத் தொடங்க, இவன் பக்கத்தில் குடை பிடிக்கிறேன் என்று நின்றான். அவளுக்கு வெயில் படக்கூடாதாம். நெருப்புப் பொறி பறக்கிற இடத்தில் குடை! அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவன் கண் வெட்டாமல் பார்த்தான். வெளிச்சத்தையா பார்த்தான், அதைச் சொல்ல வேண்டுமா நான்? பின்னேரம் இரண்டு கண்ணும் கோவைப்பழமாய்ச் சிவந்து, தண்ணீர் வடிய வடிய என் கடைக்கு வந்தான்.

"கண்நோய் போல கிடக்கு, கமலாக்கா."

"ஓம், கண்நோய்தான். எனக்கும் தெரியுது என்ன நோயெண்டு" என்று சொல்லி உருளைக்கிழங்கை வட்டமாய் வெட்டி அவன் கண்ணில் வைத்துவிட்டேன். கிழங்கோடு வாங்கிலில் படுத்துக் கிடந்தவன், அப்போதும் வாயைச் சும்மா வைக்கவில்லை.

"அவா நல்லா ஒட்டுறா, என்ன அக்கா?"

"வாயை மூடிக்கொண்டு படு, விசரா" என்றேன்.

புதுப் பைப் மூன்றும் நல்ல வடிவாய் நின்றன. கறள் பிடிக்காத சிவப்புப் பெயின்ற் பூசி, அதற்கு மேலே பச்சைப் பெயின்ற் அடித்திருந்தாள். போகும்போது பம்மைத் தட்டிப் பார்த்து, "ம்" என்றாள். அவளுடைய கணக்கில் அது பெரிய பாராட்டு, தனக்குத் தானே கொடுத்தது.

ஆனால் அடுத்த மழைக்கு முன்னமே பைப்பின் அடியில் பெயின்ற் கொப்புளித்து, கறள் எட்டிப் பார்த்தது. தயாபரன் மறுபடி ஓடினான். அவள் வந்தாள். முகம் சுருங்கிப்போய் இருந்தது. பைப்பைப் பார்த்ததும் நேரே கிளிநொச்சிக்குப் போய், அதை விற்ற நளீர் நானாவின் இரும்புக் கடையில் சண்டை பிடித்திருக்கிறாள். சண்டை என்றால் அவள் முறையில்: அழுகிய பைப்புத் துண்டை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாளாம்.

நளீர் பிறகு என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, அரைவாசி ஊருக்கு இதே பைப்பைத்தான் வித்தனான். வேற ஆரின்ரையும் இப்பிடிப் போகேல்லை. உங்கட பம்முக்கு என்ன செய்வினையோ எண்டு கேட்டன். அவ மறுமொழி சொல்லாமல் துண்டை எடுத்துக்கொண்டு போயிட்டா." நல்ல மனிசன், இருந்தாலும் புதுப் பைப் கொடுத்தார்.

இரண்டாவது பைப்புகளும் அதே பாடு. ஊர் இப்போது பார்க்கத் தொடங்கியது. பம் நிற்பது சந்தியில். பிள்ளையார் கோயிலுக்குப் போகிற சனமெல்லாம் அந்த வழியால்தான் போகும். போகிற ஒவ்வொருவரும் ஒருதரம் நின்று, பைப்பைப் பார்த்து, "ச்சா, சுதாஜினியின்ர வேலையோ உது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, தேத்தண்ணியைக் கொதிக்க விட்டுவிட்டேன்.

வேறு நேரமென்றால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அப்போதுதான் கோயிலில் மணிக்கோபுரத்துக் கதை எழும்பியிருந்தது. ஊர் திரும்பிய நாளிலிருந்து எங்கள் பிள்ளையாரின் மணி வேப்பமரக் கொப்பில்தான் தொங்குகிறது. இனி உயரமாய் இரும்பில் ஒரு கோபுரம் எழுப்ப வேண்டும் என்று பரிபாலன சபை முடிவெடுத்தது. அந்த வேலை சுதாஜினிக்கு வேண்டும்.

இதை அவளே எனக்குச் சொன்னாள், அதுவும் நான் கேட்காமல். அதனால்தான் எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, கேற்றெல்லாம் ஆக்களின்ர வேலிக்குள்ள போயிடுது. ஜன்னல் கம்பியை ஆர் பாக்கினம்? ஊரே நிமிந்து பாக்கிற மாதிரி ஒண்டு செய்யோணும். மணி அடிக்கேக்க, அது நான் செய்ததில இருந்து அடிக்கிற சத்தமாய் இருக்கோணும்" என்றாள். ஒரே மூச்சில் அவள் அவ்வளவு பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஆறிப்போகுது, குடியடி" என்று அதட்டிச் சமாளித்தேன்.

மூன்றாவது முறையும் பைப்பில் கறள் வந்தது.

சபைத் தலைவர் செல்வநாயகம், ஓய்வுபெற்ற தபாலதிபர். எதையும் நிறுத்துப் பார்த்துப் பேசுகிறவர். காலையில் என் கடையில் இருந்து, எதிரே பம்மைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை கெட்டிக்காரிதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஒரு பம்மின்ர காலே நிக்குதில்லை, கமலாசனி. மேல அவ்வளவு பாரமான மணியைக் கட்டி, கீழ சனம் நிண்டு கும்பிடப் போகுது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில கிளிநொச்சி ஆளுக்கே குடுத்திடுவம் எண்டு இருக்கிறம்."

சுதாஜினி அப்போது வாங்கிலின் மற்றத் தொங்கலில் இருந்தாள். அவர் கவனிக்கவில்லை. அவள் எழும்பி, குடிக்காத தேத்தண்ணியை வைத்துவிட்டு, லான்ட்மாஸ்ரரை எடுத்துக்கொண்டு போனாள். பம்மின் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் நித்திரை வராது. வெள்ளிக்கிழமை விடியக் கடை திறந்துவிட்டு, அந்தக் கோதாரி விழுந்த பம்மையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பூனைகள் கண்ணில் பட்டன. அவை நெடுகவும் அங்கே கிடக்கிற பூனைகள்தான், ஆனால் நான் அவற்றை யோசித்துப் பார்த்ததில்லை. கருவாட்டுக் கடை வாசலில் கிடந்தால் நியாயம். இவை கடையை விட்டுவிட்டுப் பம்மின் காலடியைச் சுற்றிப் படுத்துக்கொண்டு, பைப்பை நக்கிக்கொண்டிருந்தன. இரும்பை நக்குகிற பூனையை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

அந்த நேரம் தயாபரன் கடைக்குப் பின்னாலிருந்து ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இதையும் நான் நெடுகக் கண்டிருக்கிறேன். "என்ன தம்பி செய்யிறாய்?" என்று முன்னொருதரம் கேட்டபோது, "புல்லுக்குத் தண்ணி ஊத்துறன் அக்கா" என்றான். புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் ஸ்கந்தபுரத்திலேயே இவன் ஒருத்தன்தான் என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இன்றைக்குப் பார்க்கிறேன், பம்மின் காலடியில் ஒரு புல்லும் இல்லை. எல்லாம் கருகிப்போய் வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடந்தது.

அகப்பையைக் கீழே போடவும் மறந்து றோட்டைக் கடந்தேன். வாளியைக் குனிந்து மணந்தேன். கருவாட்டுப் பீப்பாய் கழுவின தண்ணீர். உப்பு மூக்கைப் பிய்த்தது.

"எட கோதாரியிலை போவானே! நீயோடா?"

வாளி அவன் கையிலிருந்து விழுந்தது. பூனைகள் மட்டும் சந்தோசப்பட்டன.

"அக்கா... கத்தாதையுங்கோ அக்கா."

"கத்தாமல்? அவள் செய்த பைப்பைத் திண்டுபோட்டு நிக்கிறாய்! ஏனடா?"

அவன் நிலத்தைப் பார்த்தான். பம்மைப் பார்த்தான். தராசு கையில் இல்லாததால் சாரத்தின் கரையை எடுத்துத் துடைத்தான். "முதல் தரம் வந்து ஒட்டிப்போட்டுப் போனவா, பிறகு இந்தப் பக்கமே வரேல்லை அக்கா. பைப் நல்லா இருந்தா அவா ஏன் வரப்போறா?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. ஆனால் சிரித்தால் தப்பிவிடுவான். "விசரா, உனக்கு அவளைப் பாக்க ஆசை. அவளின்ர பெயர் கறள் பிடிக்குது, அது தெரியேல்லையோ? அவளின்ர மணிக்கோபுரம் இண்டைக்குக் கை மாறப்போகுது. உன்ர வாளியாலைதான் போகுது."

அவனுக்கு மணிக்கோபுரத்துக் கதையே தெரியாது. கோயில் பக்கம் போனால் தன்னில் கருவாட்டு மணம் என்று சொல்லுவார்கள் என்ற வெட்கத்தில் போகிறதில்லை. நான் சொல்லச் சொல்ல முகம் வெளிறிக்கொண்டு வந்தது. நேரே உள்ளே போய்க் கடையைப் பூட்டினான். ஓடித் தப்பப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன்.

பின்னேரப் பூசைக்குப் பிறகு கூட்டம் கோயில் மடத்தில் நடந்தது. கூட்டத்துக்குத் தேத்தண்ணி என்னுடையது, ஆகையால் ஒரு சொல்லும் தப்பாமல் கேட்கலாம். சுதாஜினி தூணோடு நின்றாள். தலை குளித்து, நல்ல சீலை கட்டியிருந்தாள். கையில் கோபுரத்துக்கு அவளே கீறின படம் சுருட்டியபடி இருந்தது. அதை விரித்துக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. செல்வநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிளிநொச்சி ஆளின்ர..." என்று தொடங்கினார்.

"ஐயா! ஒரு நிமிசம் ஐயா!"

சத்தம் வெளியேயிருந்து வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கோயில் வாசலுக்கு வெளியே, றோட்டில் தயாபரன் நின்றான். குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசியிருந்தான். ஒரு கையில் கருவாட்டு வாளி. மற்றக் கையில் சாக்குச் சுற்றின பொட்டலம்.

"உள்ள வாருமன்" என்றார் செல்வநாயகம்.

"வரேலாது ஐயா! வாளி கருவாட்டு வாளி!"

வாளியைப் பிள்ளையாரின் வளவுக்குள் கொண்டுவர முடியாது. வாளி இல்லாமல் அவனுக்குக் கதை சொல்லவும் வராது. ஆகையால் அங்கேயே நின்று கத்தினான். ஒரு பெண்ணோடு நாலு வசனம் கதைக்கத் தெரியாதவன், சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற சனம், பூக்காரி, சைக்கிளில் போனவர்கள் எல்லாரும் கேட்கக் கத்தினான்.

"பைப்பில பிழை இல்லை! ஒட்டில பிழை இல்லை! நான்தான் உப்புத் தண்ணி ஊத்தினனான்! ஒவ்வொரு நாளும் ஊத்தினனான்!"

சாக்கைப் பிரித்தான். அவள் கழற்றிப்போட்ட பழைய பைப்புத் துண்டுகள். எல்லாவற்றையும் எறியாமல் சாக்கில் சுற்றி வைத்திருந்திருக்கிறான், சீதன நகை மாதிரி. ஒன்றை உயர்த்திப் பிடித்தான். "பாருங்கோ! பைப் முழுக்கத் திண்டுபோட்டுது. ஆனா அவா ஒட்டின இடம் அப்பிடியே நிக்குது! உப்பாலையும் அதைத் தின்ன ஏலேல்லை!"

ஒருத்தர் எழும்பிப் போய்த் துண்டை வாங்கிக்கொண்டு வந்தார். கை மாறி மாறிச் செல்வநாயகத்திடம் வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். விரலால் ஒட்டைத் தடவினார். உண்மைதான். இரும்பு சல்லடையாய்ப் போயிருந்தது, ஒட்டு மட்டும் அசையவில்லை.

"அது சரி" என்றார் அவர், வாசல் பக்கம் குரலை உயர்த்தி. "நீர் ஏன் ஊத்தினனீர்?"

தேத்தண்ணிக் கேத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். தயாபரன் உமிழ்நீர் விழுங்கினது அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது.

"அவா வருவா எண்டுதான் ஐயா! அவாவைக் கூப்பிட எனக்கு வேற சாட்டுக் கிடைக்கேல்லை!"

ஐயோ, அந்தச் சிரிப்பு! மடமே அதிர்ந்தது. பூக்காரி வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். ஐயர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். செல்வநாயகம்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாட்டில் முகத்தை மறைத்தார். தயாபரன் வாளியோடு அசையாமல் நின்றான். ஓடவில்லை. அதற்காக அவனை எனக்கு நிரம்பப் பிடித்தது.

சுதாஜினி சிரிக்கவில்லை. தூணை விட்டு முன்னுக்கு வந்தாள். கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்திருந்தாள். சுருட்டி வைத்திருந்த படத்தைத் தலைவரின் மேசையில் விரித்து, நாலு மூலையிலும் என் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துப் பாரம் வைத்தாள்.

"மணிக்கோபுரத்துக்கு என்ன முடிவு?" என்று கேட்டாள்.

முடிவு என்ன, அவளுக்குத்தான். ஒட்டைக் கையால் தடவிப் பார்த்த பிறகு ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை.

கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் ஒருதரம், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடைக்கு வந்தவளைப் பிடித்துக்கொண்டேன். என்னால் அடக்க முடியவில்லை. "ஏனடி, உனக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையோ? நளீரோடை சண்டைக்குப் போனாய், உவன் ஊத்தினதை மணந்து பாக்கேல்லையோ?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "ரெண்டாந்தரம் அடியைக் கிண்டேக்க மணந்தது, அக்கா. எனக்கு மூக்கில்லையோ?"

எனக்குத் தலை சுற்றியது. "அறிஞ்சோ இருந்தனீ? பிறகேனடி வாய் திறக்கேல்லை? கோபுரம் கையை விட்டுப் போகப் பாத்துதே!"

"சொன்னா அவர் வெக்கத்தில கடையைப் பூட்டிப்போட்டுக் கொக்கிளாய்க்குப் போயிருப்பார்."

"போனா போகட்டுமன்!"

அவள் கருவாட்டுத் துண்டை எடுத்து முள்ளெடுத்தாள். நான் விடுகிறவளா? முன்னால் குந்தியிருந்து முகத்தையே பார்த்தேன்.

"மூண்டாந்தரமும் ஊத்துறாரோ எண்டு பாத்தன்" என்றாள் கடைசியில்.

அன்றைக்கு நான் அவளுக்கு இரண்டாவது துண்டுக் கருவாடும் போட்டேன். அழுகையை வெங்காயத்தில் சாட்டினேன். ஊரே நிமிர்ந்து பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்ட கோபுரத்தை, அவன் ஓடிப்போய்விடக் கூடாதென்று கைவிட இருந்திருக்கிறாள், பாவி.

மணிக்கோபுரம் முடிந்து மணியும் ஏறியது. அதற்குப் பிறகுதான் அவள் பம்முக்கு வந்தாள், இந்த முறை யாரும் கூப்பிடாமல். அழுகின பைப்புகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் போட்டாள். ஒவ்வொரு பைப்பின் அடியையும் முழங்கால் உயரத்துக்குச் சீமெந்தால் மூடி, தண்ணீர் நில்லாமல் வழிந்து ஓடச் சரிவு வைத்தாள். தயாபரன் இந்தத் தடவை குடை பிடிக்கவில்லை. அவள் கொடுத்த பழைய முகமூடியைப் போட்டுக்கொண்டு, சீமெந்து குழைத்துக் கொடுத்தான். பூனைகள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, நம்பிக்கை இழந்து கடைப் பக்கம் போயின.

வேலை முடிந்தது. அவள் பைப்பைத் தட்டிப் பார்த்தாள். "ம். இனி எவ்வளவு ஊத்தினாலும் ஒண்டும் நடக்காது" என்றாள்.

தயாபரன் முகமூடியைக் கழற்றினான். முகம் வாடியிருந்தது. எங்கேயிருந்து துணிச்சல் வந்ததோ, "அப்ப இனி நான் என்ன சாட்டுச் சொல்லிக் கூப்பிடுறது?" என்று கேட்டான்.

அந்த நேரம் கோயிலில் பின்னேரப் பூசைக்கு மணி அடித்தது. மூன்று பேரும் ஒருமிக்கத் திரும்பினோம். மரங்களுக்கு மேலே அவளுடைய கோபுரம் தெரிந்தது. றோட்டில் போனவர்கள் நின்று, நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார்கள். அவள் மணி ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்தாள், புகையாம்.

பிறகு கையுறையைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"சாட்டில்லாமல் கூப்பிடுங்கோ" என்றாள்.

அந்த வசனத்தில் 'அண்ணை' இல்லை. கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு இருந்து யோசித்துப் பார்த்தேன். இரண்டாந்தரம் வந்து அந்த அடியைக் கிண்டின நாளிலிருந்து அவள் அவனை ஒருநாளும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை. எதிர்க் கடையில் இருந்துகொண்டு, ஊரில் நடக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த எனக்கு, அது மட்டும் காதில் விழவே இல்லை.